உளவுத்துறையின் கண்ணில் சாதி படாதா?

2022 அக்டோபரில் கோவை உக்கடத்தில் கார் வெடித்தது. சில நாள்களிலேயே என்.ஐ.ஏ. விசாரணைக்கு வந்தது. வரட்டும். ஆனால் 2015 ஜூனில் தலித் பொறியியல் பட்டதாரி கோகுல்ராஜ், திருச்செங்கோடு கோயிலிலிருந்து கடத்தப்பட்டு, மறுநாள் ரயில் தண்டவாளத்தில் பிணமாகக் கிடந்தபோது? முதன்மைக் குற்றவாளியான சாதி அமைப்புத் தலைவர் யுவராஜ் தலைமறைவாக இருந்தபடியே வாட்ஸ்அப்பில் பேசினார். நூறு நாள் கழிந்து தானாகவே சரணடைந்தார். 2022இல் ஆயுள் தண்டனை. 2023இல் உயர் நீதிமன்றமும் உறுதிசெய்தது.

ஒரு சமூகத்தையே அச்சுறுத்தும் கொலை பயங்கரவாதம்தான். அதைக் காதல் தகராறு என்று ஒதுக்கினால் உளவு எங்கிருந்து நடக்கும்? வன்கொடுமை நிகழக்கூடிய பகுதிகளை முன்கூட்டியே கண்டறியும்படி மாநில அரசைப் பணிக்கிறது, வன்கொடுமைத் தடுப்பு விதிகள் 1995இன் 3ஆவது விதி. கொங்கு மாவட்டங்களுக்கான பட்டியலை வெளியிடுங்கள். சாதி அமைப்புகளின் மிரட்டல் பேச்சையும் உளவுக் குறிப்பில் ஏற்றுங்கள். அடுத்த தண்டவாளம்வரை காத்திருக்க வேண்டாம்.