வாடகை வந்து கடன் அடையுமா?

“வாடகை பாதி, நம்ம கைக்காசு பாதி. இருபது வருஷத்துல வீடு நமக்கு.” புதுக்கோட்டையில் தரகர் மட்டுமல்ல, வீட்டுப் பெரியவர்களும் சொல்லும் கணக்கு இது. சிங்கப்பூரிலிருந்து பணம் அனுப்பும் தம்பிக்கும் இதே யோசனை, ஆசிரியர் வேலை கிடைத்த மகளுக்கும் இதே யோசனை. 2017இல் மருத்துவக் கல்லூரி வந்துவிட்டது, 2024இல் நகராட்சி மாநகராட்சி ஆகிவிட்டது, இனி ஆள் வராமல் போகுமா என்று மேலும் தைரியம் சொல்வார்கள்.

ஆள் வரட்டும். கணக்கு வருகிறதா?

வீடு 40 லட்சம் என்று வைத்துக்கொள்வோம். கைப்பணம் 10 லட்சம். பத்திரச் செலவு 9 சதவீதம், அது 3.6 லட்சம். மீதி 30 லட்சத்துக்கு எட்டரை சதவீத வட்டியில் இருபது ஆண்டுக் கடன் என்றால், மாதத் தவணை 26,000 ரூபாய். வாடகை 10,000 வருகிறது; ஆண்டில் ஒரு மாதம் வீடு பூட்டிக் கிடக்கிறது; வீட்டு வரி, வெள்ளையடிப்பு, மோட்டார் ரிப்பேர் என்று 20,000 போகிறது. ஆண்டு முடிவில் சம்பளத்திலிருந்து போட்டது 2.22 லட்சம். முதல் ஆண்டில் அசல் குறைந்தது 60,000கூட இல்லை. மீதியெல்லாம் போனது போனதுதான். 13.6 லட்சத்தை வங்கியில் ஏழு சதவீதத்துக்குப் போட்டிருந்தால் வந்திருக்கும் 95,000த்தையும் சேருங்கள். வீட்டின் விலை ஆண்டுக்கு ஆறரை சதவீதம் ஏறினால்தான் நட்டமில்லை. கட்டடமோ பழசாகிக்கொண்டே போகும். அந்த ஏற்றம் முழுவதையும் மண்தான் தரவேண்டும். கடன் வாங்கி மண் விலைமீது பந்தயம் கட்டுகிறோம். அதற்குச் சேமிப்பு என்று பெயர் வைத்திருக்கிறோம்.

‘வரி மிச்சமாகுமே’ என்பார்கள். வீட்டு நட்டத்தைச் சம்பளத்தில் கழிக்க 2017 முதல் 2 லட்சம்தான் உச்சவரம்பு. புதிய வரி முறையில் அதுவும் கிடையாது.

நிலம் விலை ஏறவே இல்லையா? ஏறியது. லாபம் பார்த்தவர்களும் இருக்கிறார்கள். ஆனால் கடனில்லாமல் வாங்கிப் போட்டவரால் பத்து ஆண்டு காத்திருக்க முடியும். தவணைக்காரரால் ஒரு மாதம்கூட முடியாது. ரிசர்வ் வங்கி 2022 மே முதல் 2023 பிப்ரவரிக்குள் ரெப்போ வட்டியை 4இலிருந்து 6.5 சதவீதமாக்கியபோது, மிதக்கும் வட்டிக் கடன்களில் தவணை கூடியது, அல்லது ஆண்டுகள் நீண்டன. வாடகையை யார் அப்படி உயர்த்தித் தந்தார்கள்? 2018 நவம்பரில் கஜா புயல் இந்த மாவட்டத்தில் கூரைகளைப் பிய்த்தெறிந்ததே, அப்படி ஒரு செலவு வந்தால் அது முழுக்க உரிமையாளர் தலையில்தான். வெளிநாட்டு ஒப்பந்தம் முடிந்தால் சம்பளம் நிற்கும், தவணை நிற்காது.

கை இறுகும்போது நம்மூரில் ஒரு குறுக்குவழி உண்டு: வீட்டை ஒத்திக்கு விடுவது. ஐந்து லட்சம் மொத்தமாகக் கிடைக்கிறது, பழைய பாக்கி தீர்கிறது. அன்றோடு வாடகை நின்றுபோகிறது. இனி 26,000மும் கைக்காசுதான். ஒத்தி முடியும்போது ஐந்து லட்சத்தையும் திருப்பித் தரவேண்டும். பத்திரம் வங்கியில் அடமானத்தில் இருப்பதைப் பலர் ஒத்திக்கு வருபவரிடம் சொல்வதுகூட இல்லை. தவணை 90 நாள் தவறினால் கடன் வாராக்கடன். பிறகு சர்ஃபேசி சட்டப்படி 60 நாள் நோட்டீஸ், அதன்பின் வங்கி வீட்டையே கையகப்படுத்தலாம். அப்போது ஐந்து லட்சம் கொடுத்துக் குடிவந்தவர், யாரோ வாங்கிய கடனுக்காகச் சட்டி பானையைத் தூக்கிக்கொண்டு நிற்க வேண்டி வரும்.