கண்முன் பறக்கும் ஈக்கள்

சில ஆண்டுகளுக்கு முன்னர், விடைத்தாள்களைத் திருத்திக்கொண்டிருந்த ஓரிரவில், வெள்ளைத் தாளின்மீது ஈயொன்று ஊர்வதைக் கண்டு கையால் ஓட்டினோம். அது அகலவில்லை. கண்ணைத் திருப்பிய திசையெல்லாம் அதுவும் வந்தது. உற்று நோக்கினாலோ நழுவிற்று. ஈ தாளில் இல்லை, எம் கண்ணுக்குள் இருந்தது என்பதைக் கண் வைத்தியரே விளக்கினார். மேனாட்டார் இதற்கு இலத்தீனில் இட்ட பெயரும் ‘பறக்கும் ஈக்கள்’ என்பதே.

விழியின் உட்குழியைக் கண்ணாடியுடனீர் என்னும் தெளிந்த கூழ்ப்பொருள் நிரப்பியுள்ளது, இளநுங்கை நினைத்துக்கொள்ளலாம். வயது ஏறுகையில் அது இளகி நீராகிறது. அதிலுள்ள நுண்ணிய நார்கள் திரண்டு மிதக்கின்றன. அவற்றின் நிழல் விழித்திரையில் விழ, புள்ளியும் நூலும் சிலந்திவலையும் தோன்றுகின்றன. 50 வயதைக் கடந்தோரிடமும் கிட்டப்பார்வையுடையோரிடமும் இது மிகுதி. பெரும்பாலும் தீங்கற்றது, நாட்செல்ல மனம் அதனைப் பொருட்படுத்தாது.

இவ்வளவே நாம் அறிந்திருந்தோம். அரைகுறை அறிவே வினையாயிற்று. எம் தமையனார் ஒருநாள், கரும்புள்ளிகள் மழைபோற் சொரிவதாகவும் கண்ணின் ஓரத்தில் மின்னல் வெட்டுவதாகவும் கூறினார். “எமக்கும் உண்டு, அஞ்சற்க” என்றோம். நோவு இல்லாமையால் அவரும் பத்து நாள் பொறுத்தார். பின்னர் ஒரு பக்கத்திலிருந்து கரிய திரை இறங்கிற்று. விழித்திரை கிழிந்து கழன்றுவிட்டது. சத்திரசிகிச்சை செய்தும் அக்கண்ணால் இன்று அவர் எழுத்தைப் படிக்க இயலாது.

விழித்திரைக்கு நோவறியும் நரம்பு இல்லை. மின்னலும் புள்ளிகளுமே அதன் முறைப்பாடு. கழன்ற விழித்திரைக்குப் பரிகாரமே இல்லையென ஒரு காலத்தில் நம்பினர். கிழிசலைக் கண்டு அடைப்பதே வழியென 1920களில் நிறுவியவர் சுவிற்சர்லாந்தின் ஜூல் கோனின் என்னும் வைத்தியர். இன்றோ, கழலுமுன் கண்டால் லேசர் ஒளியால் கிழிசலைச் சுற்றி ஒட்டிவிடலாம்.

ஆகவே, புதிய புள்ளிகள் திடீரெனப் பெருகினாலும், ஒளி மின்னினாலும், திரைபோல் நிழல் படிந்தாலும், பார்வை சடுதியாக மங்கினாலும் அன்றே கண் வைத்தியரை நாடவேண்டும். ஒரு கண்ணை மூடி மறுகண்ணால் பார்த்தால் குறை விரைவிற் புலப்படும். கண்ணில் அடிபட்டோரும், வெண்புரைச் சத்திரசிகிச்சை செய்துகொண்டோரும், நீரிழிவுடையோரும் மேலும் விழிப்பாயிருத்தல் நன்று. கண்மணியை விரிக்க மருந்து இடுவராதலின், சில மணி நேரம் பார்வை கலங்கும்; வாகனம் ஓட்டாது, துணையுடன் செல்க.

“எமக்கும் உண்டு” என்று ஆறுதல் கூறுமுன், “எப்போது தொடங்கிற்று?” என்று கேட்போமாக. நாம் அன்று கேளாது விட்ட கேள்வி அது.