ஒரு கையெழுத்துக்கு எத்தனை மென்பொருள்?
ஆம்பூர், வாணியம்பாடி, ராணிப்பேட்டை தோல் ஏற்றுமதி அலுவலகங்களில் கணக்கரின் கணினியில் ஒரு யூஎஸ்பி டோக்கன் செருகியிருக்கும். நிறுவனத்தின் டிஜிட்டல் கையெழுத்து அதற்குள்தான். முன்பு பல அரசுத் தளங்கள் அதை உலாவிக்குள் ஓடும் ஜாவா ஆப்லெட் வழியாகப் படித்தன. 2015 செப்டம்பரில் குரோம் அந்த வாசலை அடைத்தது. 2017 மார்ச்சில் ஃபயர்பாக்ஸும். அடைத்தது சரிதான், எத்தனையோ வைரஸ்கள் அவ்வழியே நுழைந்தன. ஆனால் இணையப்பக்கத்தால் தானாக டோக்கனைத் தொட முடியாது. அதனால் ஜிஎஸ்டி தளம் எம்சைனர் என்ற சிறு நிரலைக் கணினியிலேயே ஓடவிட்டு, உலாவியை அதனுடன் பேசவைத்தது. நல்ல ஏற்பாடு. தளத்துக்குத் தளம் தனி நிரல் கேட்பதுதான் கோளாறு. ஒன்றைப் புதுப்பித்தால் இன்னொன்று படுத்துவிடுகிறது. சான்றிதழ் பட்டியல் காலியாக வருகிறது. கடவுச்சொல் கேட்கும் பெட்டி உலாவிக்குப் பின்னால் மறைந்து கிடக்கிறது. கன்டெய்னர் சென்னைத் துறைமுகத்துக்குக் கிளம்பவேண்டிய மாலையில் இது சின்ன விஷயமா? எல்லா அரசுத் தளங்களும் ஏற்கும் ஒரே கையெழுத்து நிரலை மத்திய அரசு தரவேண்டும். ஒவ்வொரு புதுப் பதிப்பையும் சிறு தொழிற்கூடத்தின் பழைய கணினியில் ஓட்டிப் பார்த்த பிறகே வெளியிட வேண்டும்.