காலிக் கோட்டையில் வீடு மிஞ்சும், ஆக்கள்?



போன வருசம் ஊருக்குப் போனபோது காலிக் கோட்டைக்குள்ள ஒரு சின்ன ஹோட்டலில் இரண்டு இரவு நின்றேன். ஒல்லாந்தர் காலத்து வீடு. முருகைக்கல்லைச் சுண்ணாம்புச் சாந்தில் அடுக்கிக் கட்டின தடித்த சுவர், நீட்டு விறாந்தை, வெளியில வெயில் கொளுத்தினாலும் உள்ளே குளிர்ச்சி. இன்ஸ்டாவில் படமும் போட்டேன். அடுத்த நாள் மீரான் பள்ளிவாசலுக்குக் கிட்ட, வாசலில் இருந்த ஒரு அம்மா தமிழில் கதை குடுத்தா. "இது வாப்பாட வீடு மகள். பக்கத்துல மூணு வீடு ஹோட்டலாப் போச்சி. இனி யார்ட்ட பேசுற?"

நான் நின்றது அந்த மூன்றில் ஒன்று.

காலிக்குத் தமிழ் நேற்று வந்ததில்லை. அங்கே 1911இல் கிடைத்த, 1409ஆம் ஆண்டுக் கல்வெட்டில் சீனம், பாரசீகத்தோடு தமிழும் இருக்கு. ஒல்லாந்தர் போர்த்துக்கேயரிடம் காலியைப் பிடித்ததே 1640இல்தான். பிறகு பத்தொன்பதாம் நூற்றாண்டின் கடைசியில் கப்பல்கள் கொழும்புக்கு மாற, காலியில் காசு வற்றினது. பழைய வீடுகளை இடிச்சு மாடி கட்ட ஆருக்கும் அவசரம் இருக்கேல்லை. அந்த வீடுகளில் குடியிருந்து, ஒழுக்கு அடைச்சு, சுண்ணாம்பு பூசிக் காப்பாற்றினது அங்கத்தைய குடும்பங்கள். அதில கனபேர் தமிழ் பேசுகிற முஸ்லிம்கள். 1988இல் யுனெஸ்கோ உலக மரபுரிமை என்று அறிவிச்சது அவையள் காப்பாற்றி வைச்சிருந்ததைத்தான்.

2002இல் வெளிநாட்டார் காணி வாங்குவதற்கு இருந்த நூறு வீத வரியை அரசு எடுத்தது. 2004இல் திரும்பப் போட்டது. அதுக்குள்ள கோட்டையில் எத்தனையோ வீடு கைமாறியிட்டுது.

"அவையே விரும்பித்தானே வித்தவை" என்று கேட்கலாம். நானும் அப்படித்தான் நினைச்சேன். ஆனா முருகைக்கல் வீட்டைத் திருத்துறது லேசில்லை. கடலில் முருகைக்கல் உடைக்கிறது இப்ப சட்டப்படி தடை, அது சரியான தடையும்கூட. மலிவாச் சீமெந்து பூசினால் ஈரமும் உப்பும் உள்ளுக்க அடைபட்டுக் கல் பொடியாகும். சுண்ணாம்பு வேலை தெரிஞ்ச மேசன்மார் குறைவு, கூலி கூட. இதுக்கு மேல தொல்லியல் திணைக்களத்தின் அனுமதி. (வடக்கு கிழக்கில் அந்தப் பெயரைக் கேட்டாலே எங்களுக்குக் காணி பறிப்புத்தான் ஞாபகம் வரும். அது வேற கதை, ஆனா அதே திணைக்களம்.) விதி எல்லாருக்கும் ஒன்றுதான். செலவைத் தாங்கக்கூடியது ஹோட்டல்காரனால் மட்டும்.

இஞ்ச மொன்றியலிலும் இதே வேலைதான் நடக்குது. பார்க் எக்ஸில் என்ர பெரியம்மா இருபது வருசமா ஒரே வீட்டில் வாடகைக்கு இருக்கிறா. 2019இல் பக்கத்தில் பல்கலைக்கழகத்தின் புது வளாகம் திறந்த பிறகு அந்தப் பக்கம் வாடகை ஏறின விதம் உங்களுக்குத் தெரியும். இப்ப வீட்டுக்காரர் "திருத்த வேலை, எழும்புங்கோ" என்று கடிதம் அனுப்பியிருக்கிறார். பெரியம்மா எழும்பமாட்டன் என்று நிற்கிறா. செங்கல் சுவர் அப்படியே நிற்கும். வாசலில் கறிவேப்பிலைச் சட்டி வைச்ச ஆள் இருக்காது.

அதால மரபுரிமை பற்றிக் கதைக்கிற எங்கட ஆக்கள் முதலில் குடியிருப்பாளரைப் பற்றிக் கதைக்கவேணும். குடியிருக்கிறவைக்குத் திருத்தச் செலவைப் பொதுப்பணத்தில் குடு. வீடு ஹோட்டலாக மாறுறதுக்கு எல்லை போடு. சுண்ணாம்பு வேலையை இளம் மேசன்மாருக்குப் பழக்கு, ஒழுங்கான கூலியோட.

இந்தக் கோடைக்கு ஊருக்குப் போறவை காலிக்கும் போவியள் என்று தெரியும். கோட்டைக்குள்ள அங்கத்தைய குடும்பங்களே தங்கட வீட்டில் வாடகைக்கு விடுகிற அறைகளும் இருக்கு. குளிரூட்டி சத்தம் போடும். அங்க நில்லுங்கோ.