வாசலில் நிற்பவரின் சொல்லுக்கு மதிப்பு வேண்டும்

2017 மே 22 இரவு 10.31க்கு மான்செஸ்டர் அரீனாவின் வெளிக்கூடத்தில் தற்கொலைக் குண்டு வெடித்து 22 பேர் கொல்லப்பட்டனர். அவர்களில் மிக இளையவள் 8 வயதுச் சிறுமி. கொலையாளியைச் சுமார் கால் மணி நேரம் முன்பே ஒருவர் கண்டுகொண்டார். இசை நிகழ்ச்சிக்குப் போன பிள்ளையை அழைத்துப்போகக் காத்திருந்த அந்த மனிதர், பெரிய முதுகுப்பையோடு மறைவில் இருந்தவனிடமே போய்ப் பேசினார். பிறகு அரங்கப் பணியாளரிடம் சொன்னார். பணியாளரிடம் வாக்கிடாக்கி இல்லை. தான் நின்ற கதவைவிட்டு நகரவும் அனுமதியில்லை. அவர் சொன்னதைக் கேட்ட 18 வயதுப் பாதுகாவலரிடம் வாக்கிடாக்கி இருந்தது. ஆனால் கட்டுப்பாட்டு அறையோடு பேச முடியவில்லை. சந்தேகம் பொய்யானால் தன்னை இனவெறியன் என்பார்களோ என்ற பயமும் அந்த இளைஞருக்கு இருந்தது.

சர் ஜான் சாண்டர்ஸ் தலைமையிலான விசாரணை 2021 ஜூனில் வெளியிட்ட அறிக்கையின் முதல் தொகுதி இதையெல்லாம் பதிவு செய்திருக்கிறது. அரங்கில் கேமராக்கள் இருந்தன. கொலையாளி அவற்றின் கண்ணில் படாத மூலையைத் தேர்ந்துகொண்டான். பாதுகாவலர்கள் இருந்தார்கள், கட்டுப்பாட்டு அறையும் இருந்தது. கண்டவரின் சொல் மேலே போய்ச் சேரத்தான் வழியில்லை.

அந்த இரவில் மகன் மார்ட்டின் ஹெட்டைப் பறிகொடுத்த ஃபிகன் மரே, மக்கள் கூடும் இடங்களுக்குப் பாதுகாப்புச் சட்டம் கேட்டுப் பல ஆண்டுகள் போராடினார். 2024 மே மாதத்தில் மான்செஸ்டரிலிருந்து லண்டன் டவுனிங் தெருவரை நடந்தே போனார். ‘மார்ட்டின் சட்டம்’ என்று மக்கள் அழைக்கும் சட்டம் 2025 ஏப்ரல் 3இல் மன்னரின் ஒப்புதல் பெற்றது. நடைமுறைக்கு வரக் குறைந்தது 24 மாத அவகாசம் உண்டு. 200 முதல் 799 பேர்வரை கூடக்கூடிய இடங்கள் அடிப்படைப் பிரிவு. 800உம் அதற்கு மேலும் உயர்பிரிவு. எல்லோரையும் வெளியேற்றுவது, உள்ளேயே பத்திரமான இடத்துக்குக் கொண்டுபோவது, வாசல்களைப் பூட்டுவது, செய்தியைச் சொல்வது ஆகிய நான்குக்கும் நடைமுறை இருக்க வேண்டும். உயர்பிரிவினர் கண்காணிப்பு, நுழைவுக் கட்டுப்பாடு போன்றவற்றையும் இயன்ற அளவு செய்தாக வேண்டும். மீறினால் அடிப்படைப் பிரிவுக்கு 10,000 பவுண்டுவரை அபராதம், உயர்பிரிவுக்கு 1.8 கோடி பவுண்டு அல்லது உலகளாவிய வருவாயில் 5 சதவீதம், இவற்றில் எது அதிகமோ அதுவரை.

அபராதத் தொகையைக் காட்டிப் பயமுறுத்திக் கருவிகளையும் சான்றிதழ்களையும் விற்க ஆட்கள் வருவார்கள். அடிப்படைப் பிரிவினர் எந்தக் கருவியையும் வாங்கத் தேவையில்லை என்பதை நிர்வாகிகள் தெளிவாக மனத்தில் வைத்துக்கொள்ள வேண்டும். சட்டம் கேட்பது பழக்கத்தை. ஒலிபெருக்கியில் யார் பேசுவார், பின்கதவுச் சாவி யாரிடம், அவர் வராத நாளில் யாரிடம்? கோப்பில் அழகாக எழுதிவைத்த திட்டம் இந்தக் கேள்விகளுக்குப் பதில் சொல்லாது, ஒத்திகை சொல்லும்.

பிரிட்டன்வாழ் தமிழருக்கு இது அடுத்த வீட்டுச் செய்தியல்ல. வழிபாட்டிடங்கள் 800 பேரைத் தாண்டினாலும் அடிப்படைப் பிரிவிலேயே வைக்கப்பட்டுள்ளன. ஆனால் 200 பேர் கூடும் எந்தக் கோவிலும் தேவாலயமும் தப்ப முடியாது. வாசலில் நிற்பவர் பெரும்பாலும் சம்பளமில்லாத் தொண்டர். யாரையும் தடுத்துக் கேட்கத் தயங்குவார். கேட்டால் நிர்வாகசபை கடிந்துகொள்ளுமோ என்ற கவலையும் இருக்கும். ஆனாலும் அந்தக் கேள்விக்கு மதிப்பு உண்டு. 2019 ஏப்ரல் 21 அன்று இலங்கையின் மட்டக்களப்பு சீயோன் தேவாலயத்தில், பையோடு வந்தவனைச் சபையைச் சேர்ந்த ஒருவர் வாசலிலேயே நிறுத்திக் கேள்வி கேட்டார். குண்டு வெளியே வெடித்தது. அவர் இறந்தார், பிள்ளைகள் பலரும் இறந்தார்கள். ஆயினும் ஆராதனைக்காக மக்கள் நிறைந்திருந்த மண்டபத்துக்குள் அவனால் நுழைய முடியவில்லை.

சட்டத்தில் எனக்குப் பெரும் குறையாகப் படுவது வேறொன்று. மான்செஸ்டரில் முதல் 40 நிமிடங்களில் வெடிப்பு நடந்த கூடத்துக்குள் போன ஆம்புலன்ஸ் மருத்துவப் பணியாளர் ஒரே ஒருவர். தீயணைப்புப் படை வந்துசேர இரண்டு மணி நேரத்துக்கு மேலானது. காயமுற்றவர்களை விளம்பரப் பலகைகளிலும் தடுப்புக் கம்பிகளிலும் தூக்கிச் சென்றார்கள். தக்க நேரத்தில் சிகிச்சை கிடைத்திருந்தால் ஒருவர் அநேகமாகப் பிழைத்திருப்பார் என்று 2022 நவம்பரில் வந்த இரண்டாம் தொகுதி சொன்னது. இவ்வளவு தெரிந்த பிறகும், சட்டம் கேட்கும் நான்கு நடைமுறைகளில் முதலுதவி இல்லை. பெருகும் இரத்தத்தைக் கட்டி நிறுத்த இரண்டு பேருக்காவது தெரியாத மண்டபம், சட்டப்படி சரியாக இருந்தாலும் தயாரான மண்டபம் ஆகாது.

பிரிட்டன் காவல்துறையின் பயங்கரவாதத் தடுப்பு இணையப் பயிற்சியான ‘ஆக்ட்’டுக்குக் கட்டணமில்லை. கோவில், தமிழ்ப் பள்ளி, மண்டப நிர்வாகிகளே, 2027 வரட்டும் என்று இருந்துவிடாதீர்கள். அடுத்த திருவிழாவுக்கு முன் உங்கள் தொண்டர்களுக்கு அந்தப் பயிற்சியையும் முதலுதவியையும் கொடுங்கள். சந்தேகம் வந்தால் யாரிடம் சொல்வது என்று ஒரு பெயரைச் சொல்லுங்கள். சந்தேகம் தவறாகப் போனாலும் யாரும் குறைசொல்ல மாட்டோம் என்று எல்லோர் முன்னும் வாக்குக் கொடுங்கள்.