பார்சல் இல்லைத் தம்பி, இருந்து சாப்பிடப் போறம்



சென்ற இதழில் நுண்கடன் பற்றியும், கிழமை தவறாமல் படலையில் வந்து நிற்கும் கடன் வசூலிப்பவர்கள் பற்றியும் எழுதியிருந்தேன். அதைப் படித்த ஒரு சகோதரி, "எப்போதும் துன்பத்தையே எழுதுகிறீர்களே, உங்கள் வாழ்வில் சந்தோசமாக ஒன்றுமே நடக்கவில்லையா?" என்று கேட்டிருந்தார். நடந்ததுதான். அதை எழுத எனக்கு வெட்கமாக இருந்தது. ஏன் வெட்கப்பட வேண்டும் என்று யோசித்தேன். அந்த யோசனையே இம்மாதப் பகுதியாகிறது.

அது 2023 ஆம் ஆண்டு ஆடி மாதம். கிளிநொச்சியில் வெயில் என்றால் உங்களுக்குத் தெரியும். காலை ஒன்பது மணிக்கே முற்றத்து மண் காலைச் சுடும். சோளகக் காற்று புழுதியை அள்ளிக் கொண்டு வந்து உலையில் போடும். எங்கள் மாதர் சங்கத்தில் நாங்கள் நாலு பேர் ஒட்டாகப் பழகுகிறவர்கள். ஒருவர் முன்பள்ளி ஆசிரியை. நாங்கள் ரீச்சர் என்போம். அடுத்தவர் தையல் வேலை செய்பவர். எங்களுள் இளையவர் என்பதால் அவர் சின்னவள். மூத்தவர் பெரியக்கா. நாலாவது நான். மூவர் கணவரை இழந்தவர்கள். பெரியக்காவின் மகன் 2009 மே மாதம் வட்டுவாகலில் அவர் கண்முன்னாலேயே பஸ்ஸில் ஏற்றப்பட்டவர். அப்போது அவருக்கு வயது 19. அதற்குப் பிறகு ஒரு தகவலும் இல்லை.

ஒரு ஞாயிற்றுக்கிழமை சங்கக் கணக்கு முடித்து எழும்பும்போது ரீச்சர் கேட்டார்: "நீங்கள் கடைசியாக எப்ப ஒரு கடையில இருந்து சாப்பிட்டனீங்கள்?"

நான் விரல் மடித்துப் பார்த்தேன். 2003 இல், சமாதான காலத்தில், கணவரோடு. சின்னவள் தன் வாழ்நாளில் அப்படி இருந்து சாப்பிட்டதே இல்லை என்றாள். ஆசுப்பத்திரிக்கும் கச்சேரிக்கும் நீதிமன்றத்துக்கும் எத்தனை தரம் அலைந்திருப்போம். பசித்தால் ஒரு பணிஸ் வாங்கி பஸ்ஸுக்குள் தலையைக் குனிந்து சாப்பிட்டிருப்போம். கடையில் கதிரையை இழுத்துப் போட்டு இருந்ததில்லை.

அடுத்த ஞாயிறு போனோம். ஏ9 வீதியோரம் ஒரு சைவக்கடை. உள்ளே போனதும் பரிமாறுகிற பொடியன் கேட்டான்: "அன்ரி, பார்சலா?"

எங்களைப் போன்றவர்கள் பார்சல் கட்டத்தான் வருவார்கள் என்று அவன் பழகியிருக்கிறான். பிழை அவனில் இல்லை. ரீச்சர்தான் சொன்னார்: "பார்சல் இல்லைத் தம்பி, இருந்து சாப்பிடப் போறம்."

தோசை, உழுந்து வடை, சம்பல், பிளேன்ரீ. வேறொருவர் சுட்ட தோசை சூடாக எங்கள் முன்னால் வந்தது. வீட்டில் கடைசித் தோசையைச் சுட்டு முடித்து நாங்கள் இருக்கும்போது முதல் தோசை ஆறிப்போயிருக்கும். சின்னவள் மூன்று தோசை சாப்பிட்டாள்.

பெரியக்கா மட்டும் பிளேன்ரீ குடித்தார். தோசையை லஞ்ச் சீற்றில் சுற்றித் தரச் சொன்னார். "பிள்ளை சாப்பிட்டானோ இல்லையோ தெரியாது. நான் எப்பிடி இதில இருந்து சாப்பிடுறது?" என்றார். நாங்கள் வற்புறுத்தவில்லை. வீட்டுக்குக் கொண்டுபோய் மகனின் கோப்பையில் வைத்துவிட்டு, மாலையில் பக்கத்து வீட்டுப் பிள்ளைக்குக் கொடுப்பார் என்பது எங்களுக்குத் தெரியும்.

அதன் பிறகு அது வழக்கமாயிற்று. ஆளுக்கு 200 ரூபா ஒரு பால்மா ரின்னில் போடுவோம். ஞாயிறு கடை. பிறகு ரீச்சர் வீட்டில் ரீவி. மாலையில் சில நாட்கள் இரணைமடுக் குளக்கட்டில் காற்று வாங்குவோம்.

ரீவியில் நாடகம் பார்க்கத்தான் போனோம். ரீச்சரின் மகன் உதைபந்தாட்டத்தைப் போட்டுவிட்டு அசைய மறுத்தான். "இது பொம்பிளையளின்ர உலகக்கிண்ணம் அம்மா, பாருங்கோ" என்றான். அவுஸ்திரேலியாவிலும் நியூசிலாந்திலும் நடந்த போட்டி அது. முதல் தடவையாக 32 நாடுகள் விளையாடின. அங்கே குளிர்காலம். பார்வையாளர்கள் கம்பளிச் சட்டையோடு இருந்தார்கள். நாங்கள் பனையோலை விசிறியோடு இருந்தோம்.

யூலை 30 ஆம் திகதி காலையில் மொரோக்கோ நாட்டுக்காக நுஹைலா பென்சினா என்ற பெண் தலையை ஹிஜாபால் மூடியபடி விளையாடினார். பெண்கள் உலகக்கிண்ணப் போட்டியில் அப்படி விளையாடிய முதலாமவர் அவர். பின்னேரம் கொலம்பியா, இரு தடவை கிண்ணம் வென்ற ஜேர்மனியை 2 - 1 என வென்றது. முதல் கோலை அடித்த லிண்டா கைசெடோவுக்கு வயது 18. பதினைந்து வயதில் சூலகப் புற்றுநோய் வந்து சத்திரசிகிச்சை செய்தவர் என்று ரீச்சரின் மகன் கைத்தொலைபேசியில் பார்த்துச் சொன்னான். சின்னவள் வாயில் கை வைத்தபடி இருந்தாள்.

எனக்கு 'ஓஃப்சைட்' மட்டும் விளங்கவில்லை. நல்ல கோல், ஏன் இல்லை என்கிறார்கள் என்று கேட்டேன். ரீச்சரின் மகன் வாய் திறக்கமுன் பெரியக்கா கச்சான் கொட்டைகளைப் பாயில் அடுக்கினார்.

"இது கோலி. இது தடுத்து விளையாடுற பிள்ளை. இஞ்சால பந்து அடிக்கிற நேரம், எங்கட ஆள் பந்துக்கு முன்னால போய் நிண்டா, அவவுக்கும் கோலுக்கும் இடையில எதிர்ப்பக்கத்து ஆக்கள் ரெண்டு பேராவது நிக்க வேணும். ஒருத்தர்தான் எண்டால் ஓஃப்சைட்."

நாங்கள் அவரையே பார்த்தோம். "அவன் கழகத்துக்கு விளையாடினவன்தானே. ஜேர்சி தோய்க்கிறது நான். பின்னேரத்தில கிரவுண்ட் வேலியோட நிண்டு பாக்கிறதும் நான்" என்றார். அத்தனை வருடப் பழக்கத்தில் அவர் மகனைப் பற்றிக் கண்ணீர் இல்லாமல் பேசியதை அன்றுதான் கேட்டேன். 2017 பெப்ரவரியில் கந்தசுவாமி கோவிலடியில் தொடங்கிய போராட்டத்தில் அவரும் படத்தை ஏந்தியபடி இருந்தவர். அந்தப் படத்தில் இருக்கும் பிள்ளை பந்து விளையாடும் பிள்ளை என்பது அதுவரை எனக்குத் தெரியாது.

ஓகஸ்ட் 20, ஞாயிறு பின்னேரம் மூன்றரைக்கு இறுதி ஆட்டம். சிட்னி நகரில் ஸ்பெயினும் இங்கிலாந்தும். மைதானத்தில் 75,000 பேருக்கு மேல். இதே ஸ்பெயின் முதற் சுற்றில் யப்பானிடம் 4 - 0 என்று தோற்ற அணி. 29 ஆவது நிமிடத்தில் இடது பக்கத்தால் ஓடி வந்த ஒல்கா கார்மோனா இடது காலால் தாழ்வாக அடித்தார். கோல். ஓடிப்போய் மேற்சட்டையைத் தூக்கிக் காட்டினார். உள்ளே ஒரு பெயர் எழுதியிருந்தது. இரண்டாம் பாதியில் ஸ்பெயினின் பெனால்டி அடியை இங்கிலாந்தின் கோலி மேரி ஏர்ப்ஸ் பாய்ந்து பிடித்தபோது பெரியக்கா கை தட்டினார். அவர் ஸ்பெயின் பக்கம். "எந்தப் பக்கம் எண்டாலும் நல்ல பிடி நல்ல பிடிதான்" என்றார். 1 - 0 என ஸ்பெயின் முதல் தடவையாகக் கிண்ணத்தை வென்றது.

மறுநாள் சங்கத்தில் ரீச்சர் செய்தி கொண்டு வந்தார். அந்தக் கோலை அடித்த பிள்ளையின் தகப்பனார் வெள்ளிக்கிழமையே இறந்துவிட்டாராம். விளையாடட்டும் என்று குடும்பத்தார் மறைத்திருக்கிறார்கள். கிண்ணம் வாங்கிய பிறகுதான் சொல்லியிருக்கிறார்கள். சட்டைக்குள் இருந்த பெயர், சிறிது காலத்துக்கு முன் இறந்த சிநேகிதி ஒருத்தியின் தாயாரின் பெயர். சிநேகிதியின் துக்கத்தைச் சட்டைக்குள் சுமந்து விளையாடியவளுக்குத் தன் வீட்டுத் துக்கம் தெரியாது.

மறைத்தது சரியா பிழையா என்று வாக்குவாதம் வந்தது. சின்னவள் பிழை என்றாள். நான் சரி என்றேன். பெரியக்கா கடைசியாகத்தான் பேசினார்.

"ரெண்டு நாள்தான் மறைச்சவை. பிறகு சொல்லிப் போட்டினம். அந்தப் பிள்ளை போய்த் தகப்பனுக்கு அழலாம். எங்களுக்குப் பதினாலு வருசமா ஒருத்தரும் சொல்லேல்லையே."

ஒருவரும் பதில் சொல்லவில்லை. தையல் மெசினும் அன்று சிறிது நேரம் நின்றது.

அடுத்த ஞாயிறு பெரியக்கா வருவாரோ என்று பயந்தேன். வந்தார். பொடியன் இப்போது எங்களிடம் பார்சலா என்று கேட்பதில்லை. பெரியக்கா தோசையை வழமைபோலச் சுற்றித் தரச் சொன்னார். பிறகு, "தம்பி, ஒரு வடை இதில வையும்" என்றார். சம்பலைத் தொட்டு, மெதுவாக, முழுவதையும் சாப்பிட்டார். நாங்கள் பார்க்காதது போலப் பேசிக்கொண்டிருந்தோம்.

எங்களை ஊர் பேசாமல் இல்லை. "புருசன்மார் இல்லாததுகள் ஊர் சுத்துதுகள்" என்று ஒரு மாமி என் காதுபடவே சொன்னார். முதலில் சுட்டது. ஆனால் ஊர் சொல்வதற்கு முன்பே நாங்கள் அதை எங்களுக்கே சொல்லிக்கொண்டிருந்தோம் என்பதுதான் உண்மை. சிரித்தால் போனவர்களை மறந்துவிட்டோம் என்று அர்த்தமாகிவிடுமோ என்ற பயம். என் வெட்கமும் அதுதான். பெரியக்காவைப் பாருங்கள். அவர் பந்தாட்டம் பார்த்து மகனை மறக்கவில்லை. படத்தில் இருந்த மகனை விளையாட்டு மைதானத்தில் எங்களுக்குக் காட்டினார்.

தோழியரே, உங்களுக்கும் சொல்கிறேன். இரண்டு மூன்று பேர் சேருங்கள். இயன்றதை ஒரு ரின்னில் போடுங்கள். இதற்காகக் கடன் வாங்க வேண்டாம். ஒருவரிடம் அந்தக் கிழமை காசு இல்லாவிட்டால் மற்றவர்கள் போடுங்கள். பிளேன்ரீ மட்டும் குடிப்பேன் என்பவரை வற்புறுத்தாமல் அவருக்கும் ஒரு கதிரை இழுத்துப் போடுங்கள்.

நீங்கள் கடைசியாக எப்போது கடையில் இருந்து சாப்பிட்டீர்கள், யாரோடு சாப்பிட்டீர்கள் என்று எனக்கு எழுதுங்கள். அடுத்த மாதம் சந்திப்போம்.