வீடே பள்ளிக்கூடம்: எந்தப் பிள்ளைக்கு எந்த வகுப்பு?

பிள்ளைகளைப் பள்ளிக்கூடத்துக்கு அனுப்பாமல் வீட்டிலேயே படிக்க வைக்க அமெரிக்காவின் 50 ராஜ்யங்களிலும் சட்டம் இடம் தருகிறது. 2020-ல் கொரோனா பரவியபோது இத்தகைய குடும்பங்கள் பெருகின.

ஒரு குழந்தை என்றால் அதிகக் கஷ்டமில்லை. நான்கு பிள்ளைகள் உள்ள வீட்டில்தான் திண்டாட்டம். ஆளுக்கொரு வகுப்பு, வகுப்புக்கு ஐந்து பாடம் என்று புத்தகம் வாங்கினால், தாயார் இருபது பாடம் நடத்தியாக வேண்டும். யாரால் முடியும்?

ஆகவே பல வீடுகளில் சரித்திரமும் விஞ்ஞானமும் எல்லோருக்கும் ஒன்றாகவே நடக்கின்றன. ஒரே பாடத்தைக் கேட்டபின் பெரியவன் கட்டுரை எழுதுகிறான். சின்னவள் படம் வரைகிறாள். கணக்கும் வாசிப்பும் அப்படியல்ல. கூட்டல் பிடிபடாத பிள்ளைக்குப் பெருக்கல் எப்படி வரும்? பத்து வயதுப் பிள்ளை வாசிப்பில் ஆறாம் வகுப்பிலும் கணக்கில் மூன்றாம் வகுப்பிலும் இருக்கலாம். அதில் வெட்கம் ஒன்றுமில்லை.

சர்க்காரின் கண்காணிப்பு ராஜ்யத்துக்கு ராஜ்யம் மாறுகிறது. பென்சில்வேனியாவில் 3, 5, 8-ஆம் வகுப்புகளில் பரீட்சை உண்டு. தகுதி பெற்ற ஒருவர் ஆண்டுதோறும் பிள்ளையின் படிப்பைப் பார்வையிடவும் வேண்டும். டெக்ஸாஸில் சர்க்கார் பரீட்சை கிடையாது. வாசிப்பு, எழுத்துக்கூட்டல், இலக்கணம், கணக்கு, நற்குடிமை ஆகிய ஐந்தும் இருந்தால் போதும்.

கேட்பார் இல்லாத இடத்தில் பெற்றோரின் பொறுப்பு இரட்டிப்பாகிறது. உற்றார் மெச்ச வேண்டும் என்று மேல் வகுப்புப் புத்தகத்தை வாங்கிக் கொடுத்தால், ஏமாறுவது பிள்ளைதான். புத்தகக் கம்பெனிகள் பலவும் தரம் அறியும் சோதனைத் தாள் தருகின்றன. முதலில் சோதனை, பிறகு புத்தகம் என்பதே சரியான வழி.